கிட்டைப் பிரிப்பதற்கு முன் நாட்களை எண்ணுங்கள்: வீட்டில் எச்.ஐ.வி பரிசோதனை செய்யும் முறை

விரல் குத்தி ரத்தம் எடுப்பதுதான் என் வேலை. லேப் டெக்னீசியன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ஏர்வாடி, தேவிபட்டினம் என்று இந்தக் கரையோர ஊர்க்காரர்களின் விரல்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். கொஞ்ச காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. வந்தவர் எல்லா டெஸ்ட்டும் கொடுத்து முடித்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அதைக் கேட்பார்: "சார், எச்.ஐ.வி டெஸ்ட்டை வீட்டிலேயே பார்த்துக்கிற மாதிரி கிட் வருதாமே, அதை நம்பலாமா?"

நம்பலாம். உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே இந்தச் சுயபரிசோதனையைப் பரிந்துரைத்துவிட்டது. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் வருடக்கணக்காகத் தள்ளிப்போடுகிறவர், கதவைச் சாத்திக்கொண்டு முதல் அடி எடுத்து வைக்க இது நல்ல வழி. ஆனால் நான் பார்த்த வரையில், இதில் தப்பு நடப்பதெல்லாம் பெரும்பாலும் காலக் கணக்கில்தான். நாள் முற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுகிறார்கள். இல்லையென்றால் கால் மணி நேரத்தில் படிக்க வேண்டிய, முடிவு காட்டும் கார்டை மறுநாள் எடுத்துப் படிக்கிறார்கள். அதனால் ஊசியைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் காலண்டரை எடுங்கள்.

எந்தத் தேதி?

எதை நினைத்துப் பயப்படுகிறீர்களோ, அது நடந்த தேதியைக் கண்டுபிடியுங்கள். ஆணுறை இல்லாத உறவு, பாதியில் கிழிந்த ஆணுறை, பிறர் போட்டுக்கொண்ட ஊசியைத் தானும் போட்டுக்கொண்டது, பெரும்பாலும் இவைதான் கணக்கில் வரும். ஒரே படகில் ஒரே சட்டியில் சோறு தின்றது, ஒரே போர்வையில் படுத்தது, கொசு கடித்தது, கட்டிப்பிடித்தது எதிலும் எச்.ஐ.வி பரவாது. அதை நினைத்துப் பயந்து கிட் வாங்க வேண்டாம்.

அந்தத் தேதிக்கும் இன்றைக்கும் நடுவில் 72 மணி நேரம் ஆகவில்லை என்றால், கிட்டைத் தொடவே வேண்டாம். அது எதையும் காட்டாது. நேரே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், என்ன நடந்தது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கிருமி உடம்பில் நிலைப்பதற்கு முன்பே தடுக்கும் மாத்திரை உண்டு. அதை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். 72 மணி நேரம் என்பது கடைசி எல்லை. முதல் நாளே தொடங்கினால் பலன் அதிகம். பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு இது இன்னும் முக்கியம். அங்கே வீட்டில் உட்கார்ந்து பரிசோதித்துப் பார்க்க நேரமே கிடையாது.

72 மணி நேரம் தாண்டிவிட்டது, ஆனால் மூன்று மாதம் ஆகவில்லை. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வீட்டுக் கிட் கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து நம் உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது தேவையான அளவு ஊறி வர, ஆளுக்கு ஆள் வாரக்கணக்கில் ஆகும். கிருமி உடம்பில் இருந்தும் கிட் 'இல்லை' என்று காட்டுகிற அந்த இடைக்காலத்தைத்தான் விண்டோ பீரியட் என்கிறோம். வீட்டுக் கிட்டைப் பொறுத்தவரை 90 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வாரத்தில் பார்க்கக் கூடாது என்று இல்லை. ஆனால் அப்போது 'இல்லை' என்று வந்தால், 90 நாள் முடிந்ததும் இன்னொரு முறை பார்த்தால்தான் அது கணக்கில் சேரும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், ஆட்கள் கேரளா பக்கம் வேலைக்குப் போவார்கள். அங்கே ஜூன் 10-ம் தேதி ஒன்று நடந்தது என்று வையுங்கள். ஊர் திரும்பிய வாரமே கிட் வாங்கிப் பார்த்து, ஒரு கோடுதான், அதாவது 'இல்லை' என்று நிம்மதியாக மனைவியோடு சேர்ந்தால் அது பெரிய ஆபத்து. 90 நாள் முடிவது செப்டம்பர் 8-ல். அதுவரை வீட்டிலும் ஆணுறை வேண்டும். முன்பே தெரிய வேண்டும் என்றால், லேபில் கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அது 45 நாளுக்குள் காட்டிவிடும்.

யார் பார்க்கக் கூடாது?

ஏற்கெனவே எச்.ஐ.வி இருப்பது தெரிந்து, கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி மாத்திரை சாப்பிடுகிறவர் இந்தக் கிட்டில் சோதித்துப் பார்க்கக் கூடாது. மருந்து நன்றாக வேலை செய்யும்போது ஆன்டிபாடி குறைந்து, கோடு விழாமலே போகலாம். அதைப் பார்த்து "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகிவிடும். தடுப்பு மாத்திரை சாப்பிட்டு வருகிறவரும் டாக்டரைக் கேட்காமல் வீட்டு முடிவை நம்ப வேண்டாம். ஒன்றரை வயதுக்குள் இருக்கிற குழந்தைக்கும் இது ஆகாது. தாயின் ஆன்டிபாடி குழந்தை ரத்தத்தில் மிச்சம் இருக்கும். கர்ப்பிணிகள் மாதாந்திரப் பரிசோதனையிலேயே ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வது நல்லது. தாய்க்கு இருந்தாலும் உரிய நேரத்தில் மருந்து கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம்.

இன்னொன்று. இந்தக் கிட்டை யாரும் யார் மீதும் திணிக்கக் கூடாது. புருஷன் மனைவியிடமோ, மாமியார் மருமகளிடமோ, படகு முதலாளி ஆளிடமோ "இதைப் பண்ணிக் காட்டு" என்று நீட்டினால், மறுக்க உரிமை உண்டு. 2017-ல் வந்த எச்.ஐ.வி தடுப்புச் சட்டம் சம்மதம் இல்லாத பரிசோதனையைத் தடை செய்கிறது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி டெஸ்ட்டை நிபந்தனையாக வைப்பதற்கும் அந்தச் சட்டத்தில் தடை உண்டு. வளைகுடா விசாவுக்கு எடுக்கும் மெடிக்கல் தனி விஷயம். கீழக்கரை பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வீட்டில் பார்த்த கார்டின் போட்டோவைக் காட்டினால் போதுமா என்று கேட்கிறார்கள். போதாது.

வாங்கும்போது

பெட்டியின் மேல் 'சுயபரிசோதனைக்கு' என்று தெளிவாக இருக்க வேண்டும். இணையத்தில் விற்கும் பல கார்டுகள் லேபுக்கானவை. ஒரு பொட்டலத்தில் வெறும் கார்டு மட்டும் வரும், ஊசி இருக்காது, கார்டில் சொட்டு விடும் திரவத்தைத் தனியாக வாங்க வேண்டும், துண்டுச்சீட்டு டெக்னீசியனுக்குப் புரிகிற பாஷையில் இருக்கும். விலை குறைவு என்று அதை வாங்காதீர்கள். தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி இவை நான்கும் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே கார்டு இருக்கும் ஃபாயில் உறை கிழிந்திருந்தால் அந்தக் கிட்டைத் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

கிட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று விரல் ரத்தத்தில் பார்ப்பது. மற்றொன்று ஈறில் தடவிப் பார்ப்பது. நல்ல கிட் கிடைக்கவில்லை என்றால் அதற்காக அலைய வேண்டாம். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இதே டெஸ்ட் இலவசம். ராமநாதபுரம், பரமக்குடி, ராமேசுவரம் எதுவானாலும் போகலாம். உள்ளூரில் முகம் தெரியும் என்று தயங்கினால் பக்கத்து ஊருக்குப் போங்கள், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

வாங்கிய கிட்டை எங்கே வைப்பது? நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. பெரும்பாலான கிட்டுகளை 30 டிகிரிக்கு மேல் சூடு படாமல் வைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பரண், பைக் சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி, படகின் இன்ஜின் அறை, இந்த மூன்று இடத்திலும் ஒளித்து வைக்காதீர்கள். வீட்டின் குளிர்ந்த மூலை, மண்பானைப் பக்கம், அலமாரியின் கீழ்த்தட்டு போதும். உறைக்குள் இருக்கும் சின்னப் பொட்டலம் ஈரத்தை இழுப்பதற்காக வைத்தது. கடற்காற்றின் ஈரம் கார்டைக் கெடுத்துவிடும் என்பதால் எல்லாம் தயாரான பிறகுதான் ஃபாயிலைக் கிழிக்க வேண்டும்.

எப்போது பார்ப்பது?

வேலை நாளில், காலையில். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி பார்த்து இரண்டு கோடு விழுந்தால், திங்கட்கிழமை வரை ஒருவர் தனியாக அதைச் சுமக்க வேண்டும். வேலை நாள் காலை என்றால் அடுத்த பஸ்ஸைப் பிடித்து நம்பிக்கை மையத்துக்குப் போய்விடலாம். கடலுக்குப் போகும் நாளில் பார்க்காதீர்கள். அந்த நினைப்போடு நடுக்கடலில் வலை இழுக்க முடியாது. குடித்துவிட்டும் பார்க்க வேண்டாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, முழுதாக ஒரு மணி நேரம் கையில் இருக்கும்போது உட்காருங்கள். மனசு தாங்காது என்று தோன்றினால் நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணமில்லா எண் 1097, எச்.ஐ.வி சம்பந்தமாக எதையும் கேட்கலாம். அதை முன்பே போனில் பதிந்துவிடுங்கள்.

விரல் ரத்தத்தில் பார்ப்பது

துண்டுச்சீட்டை முழுக்க ஒருமுறை படித்துவிடுங்கள். கிட்டுக்குக் கிட் சொட்டுக் கணக்கும் நிமிடக் கணக்கும் மாறும். நான் இங்கே சொல்வதற்கும் சீட்டில் இருப்பதற்கும் வித்தியாசம் வந்தால் சீட்டில் இருப்பதுதான் சரி.

இனி விரல். மண்டபம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். முப்பது வருடம் கயிறு இழுத்த கை. மோதிர விரல் நுனியில் குத்தினேன், ஒரு பொட்டு ரத்தம் வரவில்லை. "கடல் தண்ணி குடிச்ச தோலு தம்பி, ஊசி ஏறாது" என்றார். கையைக் கதகதப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் வைக்கச் சொல்லி, தொங்கப்போட்டு, நுனியை விட்டுவிட்டு விரலின் பக்கவாட்டில் குத்திய பிறகுதான் வந்தது. வீட்டுக் கிட்டில் ஊசி ஒன்றோ இரண்டோதான் இருக்கும். ஒருமுறை தட்டினால் உள்ளே போய்விடும், மறுபடி வராது. அதனால் எங்கே குத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே தடவிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு வேறு சிக்கல். பாறை அறுக்காமல் இருக்க விரலில் துணி சுற்றித்தான் கடலில் இறங்குகிறார்கள், இருந்தாலும் விரலெல்லாம் கீறல். கீறல் இல்லாத விரலாகப் பார்த்து எடுங்கள், இடது கையானாலும் சரி. பழைய காயத்தைப் பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது.

கையை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். கிட்டில் ஸ்பிரிட் பஞ்சு இருந்தால் துடைத்துவிட்டு அது காயும் வரை பொறுங்கள். ஸ்பிரிட் ஈரம் ரத்தத்தில் கலந்தால் டெஸ்ட் கெட்டுவிடும். ஊசியை மோதிர விரல் அல்லது நடுவிரலின் பக்கவாட்டில் அழுத்தமாக வைத்துத் தட்டுங்கள். சுகர் பார்ப்பதற்குக் குத்துவது மாதிரிதான், ஒரு சுருக். பிறகு உள்ளங்கைப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி மெல்ல நீவிக் கொண்டுவாருங்கள். நுனியை மட்டும் பிடித்துக் கசக்கினால் ரத்தத்தோடு தசைநீரும் சேர்ந்து வந்து, ரத்தம் நீர்த்துவிடும். சொட்டு உருண்டு திரண்டதும் குழாயில் எடுத்து, சீட்டில் சொன்ன குழியில் விடுங்கள். அப்புறம் திரவத்தைச் சொன்ன சொட்டு எண்ணி விடுங்கள். நாலு என்றால் நாலு. ஐந்து விட்டால் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

சொட்டு விட்ட கையோடு போனில் அலாரம் வையுங்கள்.

ஈறில் பார்ப்பது

எச்சிலில் பார்ப்பதால் எச்சிலில் எச்.ஐ.வி பரவும் என்று நினைத்துவிடாதீர்கள். எச்சில் மூலம் பரவாது. ஈறின் ஓரத்தில் கசியும் நீரில் ஆன்டிபாடி இருக்கும், குச்சி அதைத்தான் எடுக்கிறது. வெற்றிலை, புகையிலை, டீ எதுவானாலும் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா இருங்கள். பற்பசையால் தேய்த்திருந்தாலும் அப்படியே. பல்செட் இருந்தால் கழற்றிவிடுங்கள். குச்சியின் தட்டையான நுனியைத் தொடாமல், மேல் ஈறு முழுக்க ஒருமுறை, கீழ் ஈறு முழுக்க ஒருமுறை இழுத்து, திரவக் குழாயில் நிறுத்த வேண்டும். நுனியை நாக்கில் தடவுவதும் கன்னத்தில் தேய்ப்பதும் கூடாது. அந்தத் திரவத்தைக் குடிக்கவும் கூடாது.

காத்திருக்கும் நேரம்

பல ரத்தக் கிட்டுகளுக்கு 15 நிமிடம், ஈறு கிட்டுக்கு 20 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. ஒரே நிமிடத்தில் காட்டும் கிட்டும் உண்டு. சமமான இடத்தில், ஃபேன் காற்று நேரே படாமல் கார்டை வைத்துவிட்டு, அதையே முறைத்துக்கொண்டிருக்காமல் அந்த இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். ஊசியை மூடி உள்ள கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுத் திருகுங்கள். ரத்தம் பட்ட பஞ்சைத் தாளில் சுற்றித் தனிப் பையில் கட்டுங்கள். குப்பை எடுக்க வரும் அக்கா கையில் குத்தாமல் இருப்பது நம் பொறுப்பு. வீட்டு வாசலில் வீசுவதோ, கடலில் எறிவதோ வேண்டாம். ஒரே ஊசியை இரண்டு பேர் பயன்படுத்தவே கூடாது. புருஷன் மனைவி என்றாலும் ஆளுக்கு ஒரு கிட்.

அலாரம் அடித்ததும் நல்ல வெளிச்சத்தில் படியுங்கள். மங்கலான பல்பில் மெல்லிய கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். 'சி' (C) என்ற இடத்தில் ஒரு கோடு விழ வேண்டும். டெஸ்ட் ஒழுங்காக ஓடியது என்பதற்கு அது சாட்சி. அது விழவில்லை என்றால் வேறு என்ன கோடு இருந்தாலும் அந்த டெஸ்ட் செல்லாது. புதுக் கிட்டில் திரும்பப் பார்க்க வேண்டும். 'சி'-யில் மட்டும் கோடு என்றால் ஆன்டிபாடி தென்படவில்லை. 'சி'-யோடு 'டி' (T) என்ற இடத்திலும் கோடு விழுந்தால், எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் அது கோடுதான்.

சீட்டில் சொன்ன நேரம் தாண்டிவிட்டால் கார்டைத் திரும்பப் பார்க்காதீர்கள். ஒருவர் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, மத்தியானம் ஒரு கோடுதான் இருந்துச்சு. அலமாரியில வச்சிட்டேன். காலையில எடுத்துப் பார்த்தா இன்னொண்ணு கிடக்கு." மூன்று நாள் கடலுக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. மையத்தில் முறையாகப் பார்த்ததில் அவருக்கு ஒன்றும் இல்லை. ரத்தமும் திரவமும் காய்ந்து படிந்த தடம் அது. படித்த உடனே கார்டையும் தாளில் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

இரண்டு கோடு விழுந்தால்

உங்களுக்கு எச்.ஐ.வி இருக்கிறது என்று அந்தக் கார்டு சொல்லவில்லை. நம்பிக்கை மையத்துக்குப் போய் உறுதி செய்ய வேண்டும் என்று மட்டும்தான் சொல்கிறது. அங்கே மூன்று வெவ்வேறு டெஸ்ட்டுகளில் பார்த்த பிறகுதான் முடிவு சொல்வார்கள். பயப்படும்படி எதுவுமே நடக்காத ஒருவருக்குக் கார்டில் இரண்டு கோடு விழுந்து, மையத்தில் 'இல்லை' என்று வருவதும் உண்டு. இன்னொரு கிட், அதற்கப்புறம் இன்னொரு கிட் என்று வாங்கிக்கொண்டே இருக்காதீர்கள்.

மையத்தில் ஆலோசகர் முதலில் உட்கார வைத்துப் பேசுவார். நீங்கள் சொல்வதும் முடிவும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். உறுதியானால் ஏ.ஆர்.டி மையத்தில் மாத்திரை இலவசம். நம் நாட்டில் எச்.ஐ.வி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அன்றைக்கு இதற்கு வழியே இல்லை. இன்றைக்குப் பெரும்பாலானோருக்கு ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை. அதை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்கு இறங்கி, அப்படியே நின்றால் உடலுறவு மூலம் துணைக்குப் பரவாது. கடலுக்குப் போகலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, மருத்துவம் சொல்வதைத்தான் சொல்கிறேன். அந்த நிமிடம் வாழ்க்கையே முடிந்ததுபோல் தோன்றினால், வேறு எதையும் யோசிக்காமல் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், ராத்திரியானாலும் எடுப்பார்கள். முடிவு உறுதியாகும் வரை வீட்டில் ஆணுறை இல்லாமல் சேர வேண்டாம், ரத்த தானம் செய்ய வேண்டாம்.

ஒரு கோடு மட்டும் விழுந்தால்

90 நாள் முடிந்த பிறகு பார்த்து, இடையில் வேறு எதுவும் நடக்கவில்லை என்றால் அந்த முடிவை நம்பலாம். 90 நாள் ஆகவில்லை என்றால் அது முடியும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். எதற்கென்று எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.